ஹொண்டா 90க்கான சேவைக் கைநூலும் உதிரிப்பாகப் பட்டியலும்: ஓராண்டுப் பாவனைக்குப் பின்னரான மதிப்பீடு

ஹொண்டா சீ 90 மோட்டார் சைக்கிளுக்குத் தயாரிப்பாளரே வெளியிட்ட சேவைக் கைநூலையும் உதிரிப்பாகப் பட்டியலையும் கடந்த ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளவை. அக்கரைப்பற்றில் கராஜ் வைத்திருக்கும் அத்தான் பென் டிரைவ் ஒன்றில் போட்டுத் தந்த கோப்புகளை ஆரையம்பதியிலுள்ள கொம்யூனிக்கேஷன் ஒன்றில் அச்சிட்டு, சுருள்கம்பி கோத்து வைத்துக்கொண்டேன். கைநூல் தடித்தது, பட்டியல் மெல்லியது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்பவருக்கு மெல்லியதை எடுக்கும்படிதான் சொல்வேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றிய தகவலைத் தேடிப் பிடிப்பதில் நாம் படும் அலைச்சலில் முக்காற்பங்கு, பாகத்தைப் பெயரால் தேடுவதால் வருவது; பட்டியல் நம்மை எண்ணால் தேடப் பழக்குகிறது.

வண்டி அப்பாவுடையது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை, ‘பாதை’ என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் மிதவையில் இதை ஏற்றி வாவியைக் கடந்துதான் படுவான்கரை வயலுக்கு அவர் போய்வந்தார். முழங்கால் முடியாமல் போன பின்னர் அது கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான் என்றானபோது, என்னுடைய 150 சீசீ வண்டியை நிறுத்திவிட்டு இதை வெளியே எடுத்தேன். புதிய வண்டிகளின் இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால், அந்த நாட்களில் கொட்டிலைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் பலர். கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள பாடசாலை ஒன்றில் நான் கற்பிக்கிறேன். அன்றிலிருந்து பெரும்பாலும் இதில்தான் போய்வருகிறேன்.

சென்ற ஆண்டு சிறுபோக வேலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் வண்டி நீலப் புகை விடத் தொடங்கியது. ஊரில் மோட்டார் சைக்கிள் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கழற்றிப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்து சிலிண்டரும் கோடு விழுந்துவிட்டது, போர் அடித்து, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார். நான் கடை ஒன்றுக்குப் போய் ஹொண்டா 90க்குப் பிஸ்டன் கேட்டேன். எந்த 90 என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. “அண்ணன், இது எங்கட வண்டிக்குப் போகும்தானே?” என்று நான்தான் கேட்டேன். “தொண்ணூறு எண்டா எல்லாம் ஒண்டுதானே மனே, கொண்டு போங்க” என்றார். சிலிண்டரையும் பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு கல்முனையில் உள்ள லேத் ஒன்றுக்குப் போனேன். லேத்காரர் பெட்டியைத் திறந்து, பிஸ்டனைத் தலைகீழாகச் சிலிண்டரின் வாயில் வைத்தார். அது உள்ளே இறங்காமல், சட்டிக்கு மூடி போட்டதுபோல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. வேர்னியரை எடுத்து முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும் அளந்து, இரண்டு எண்களையும் பெட்டியின் மேல் எழுதித் தந்தார். கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் வித்தியாசம்.

பட்டியலைத் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஹொண்டா 90 என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு விதமான இயந்திரங்கள் வந்திருக்கின்றன என்பதை அப்போதுதான் அறிந்தேன். முந்தியதன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 45.6 மில்லிமீற்றர், கணக்குப் போட்டால் ஏறக்குறைய 89.5 சீசீ வரும். பிந்தியதன் விட்டம் 47, ஓட்டம் 49.5; அதன் கன அளவு 86க்கும் சற்றுக் குறைவு. எங்கள் வண்டி பிந்தியது. ஆக, 90 என்று பெயர் ஒட்டிய வண்டி 90ஐ எட்டுவதே இல்லை. பெயர் பழைய இயந்திரத்திலிருந்து வந்து அப்படியே தங்கிவிட்டது. இதைவிடக் குழப்பமானது, எங்கள் பக்கத்தில் நிறைய ஓடும் ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டரின் இயந்திரமும் 50 மில்லிமீற்றர் விட்டமும் 49.5 மில்லிமீற்றர் ஓட்டமும் கொண்டு 97.2 சீசீ ஆக இருப்பது. ஓட்டத்தைப் பார்த்தால் எங்கள் வண்டியோடும், விட்டத்தைப் பார்த்தால் பழைய 90ஓடும் அது சேர்ந்து நிற்கிறது. விட்டம் ஒத்திருப்பதால் மட்டும் பிஸ்டன் ஒன்றாகிவிடாது. பிஸ்டனைக் கோக்கும் ‘பின்’ என்ற ஊசி செல்லும் துளையின் அளவும், அந்தத் துளையிலிருந்து தலைப்பகுதி வரையுள்ள உயரமும் ஒத்திருக்க வேண்டும். “எல்லாம் ஒண்டுதானே” என்பது இவ்வளவையும் விழுங்கிவிடுகிற சொல்.

பட்டியலின் உண்மையான பலம் ஹொண்டாவின் பாக எண் முறையில் இருக்கிறது. நட்டு, போல்ட் போன்ற பொதுச் சாமான்கள் தவிர்ந்த பாகங்களின் எண் மூன்று துண்டுகளாக, இடையில் கோடு போட்டு எழுதப்பட்டிருக்கும்: முதலில் ஐந்து இலக்கங்கள், பிறகு மூன்று, பிறகு மூன்று. முதல் ஐந்தும் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். நடுவிலுள்ள மூன்றும் அது முதன்முதலில் எந்த மாதிரிக்காக உருவாக்கப்பட்டது என்பதைச் சொல்லும். உதாரணமாக, 1969இல் வந்த சீபீ 750இன் குறியீடு 300. கடைசி மூன்றும் திருத்தத்தையோ நிறத்தையோ வகையையோ குறிக்கும். முதல் ஐந்து எந்த ஹொண்டா மோட்டார் சைக்கிளுக்கும் பொதுவானது என்பதால், ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் வேறு வண்டிக்கும் உதவும். 12251 என்றால் சிலிண்டர் தலைக் கேஸ்கட். 14401 கேம் செயின். 16100 கார்பிரேட்டர். 44830 ஸ்பீடோமீற்றர் கேபிள். 1இல் தொடங்குபவை இயந்திரம், 3இல் தொடங்குபவை மின்சாரம், 4இல் தொடங்குபவை பெரும்பாலும் சில்லும் பிறேக்கும் செயினும், 9இல் தொடங்குபவை நட்டு, போல்ட், பேரிங், சீல் போன்ற பொதுச் சாமான்கள் என்று ஓர் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

பிஸ்டனில் இந்த ஒழுங்கு இன்னும் அழகாகத் தெரிகிறது. 13101 என்றால் புது சிலிண்டருக்குரிய நியம அளவுப் பிஸ்டன். 13102 என்றால் 0.25 மில்லிமீற்றர் பெரியது, 13103 என்றால் 0.50, 13104 என்றால் 0.75, 13105 என்றால் முழு 1 மில்லிமீற்றர். ரிங்ஸ் தொகுதிக்கும் அதே படிக்கட்டு: 13011, 13021, 13031, 13041, 13051. இதைப் படித்த அன்று மாலை, கழற்றி வைத்திருந்த பழைய பிஸ்டனின் தலையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் கரியைத் தேய்த்தேன். கறுப்பின் கீழிருந்து முதலில் ஒரு புள்ளியும் பிறகு 25 என்ற எண்ணும் வந்தன. அப்பாவோ அவருக்கு முன் வைத்திருந்தவரோ ஒரு தடவை போர் அடித்திருக்கிறார்கள். ஆகவே நான் கேட்க வேண்டியது 13103, 13031. அதற்கு முன்னர் நான் கேட்டது “தொண்ணூறு பிஸ்டன், அடுத்த சைஸ்”.

ஆனால் எண்ணைத் தேடுவதற்கு முன்னர், நம்மிடம் இருப்பது எந்த வண்டி என்பது தெரிய வேண்டும். பட்டியலின் ஓரத்தில், எந்தத் தொடர் எண் வரை ஒரு பாகம், எந்தத் தொடர் எண்ணிலிருந்து வேறொரு பாகம் என்று ஒரு நிரல் உண்டு. பலர் கவனிக்காமல் தாண்டிச் செல்வது அதைத்தான். பட்டியல் இரண்டு பெரும் பிரிவுகளாக இருக்கிறது: ‘ஈ’ என்று தொடங்கும் படங்கள் இயந்திரத்துக்கும், ‘எஃப்’ என்று தொடங்கும் படங்கள் சட்டகத்துக்கும் உரியவை. முதலாவதற்கு இயந்திர எண்ணையும், இரண்டாவதற்குச் சட்டக எண்ணையும் வைத்துத்தான் தேட வேண்டும். நம் நாட்டில் இயந்திரம் மாற்றப்பட்ட பழைய வண்டிகள் ஏராளம்; ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கே வந்தவற்றில் பதிவான ஆண்டும் செய்யப்பட்ட ஆண்டும் வெவ்வேறாக இருக்கும். ஆகவே பதிவுச் சான்றிதழில் இருக்கும் ஆண்டைவிட இரும்பில் குத்தியிருக்கும் எண்ணை நம்புவதே மேல். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான வண்டிகளில் இந்த எண் குறுகியது. முன்னால் சில எழுத்துகள், ஒரு கோடு, பிறகு தொடர் இலக்கங்கள். இந்திய வண்டிகளில் இருப்பது 17 இடங்கள் கொண்ட நீண்ட எண். அதன் முதல் மூன்று எழுத்துகளிலிருந்தே பஜாஜா, டீவீஎஸ்ஸா, ஹீரோவா என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வண்டியின் இயந்திர எண், இடப்புறக் கீழ்ப்பகுதியில், ஒயிலும் மண்ணும் இறுகிய படலத்தின் அடியில் இருந்தது. மண்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டாம். எண் மேலும் மங்கும், பின்னர் வண்டியைக் கைமாற்றும்போது வீண் கேள்விகளுக்கு ஆளாக வேண்டிவரும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பின்னர் பாடசாலை வெண்கட்டியைப் படுக்கையாக வைத்துத் தேய்த்து, மேலோட்டமாக விரலால் துடைத்தேன். பள்ளத்தில் வெண்கட்டித் தூள் தங்கி, எண்கள் பலகையில் எழுதியதுபோல் எழுந்தன. 3 என்று ஆண்டுக்கணக்காக நாங்கள் எல்லாப் படிவங்களிலும் எழுதிவந்த ஓர் இலக்கம் உண்மையில் 8.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியலை எழுதியவர்களின் ஆங்கிலம் எங்கள் கராஜ்களின் ஆங்கிலம் அல்ல. நாங்கள் சைலன்சர் என்பதை அவர்கள் மஃப்ளர் என்கிறார்கள். மட்கார்ட் அவர்களுக்கு ஃபென்டர். சிக்னல் லைட் என்று தேடினால் கிடைக்காது. விங்கர் என்று தேட வேண்டும். பின் ஷொக் அப்சோபர் அங்கே குஷன். கட்ஜன் பின் என்று லேத்காரர் சொல்வது பிஸ்டன் பின். சில்லுக்குள் இருக்கும் ஹப் ரப்பரின் பெயர் டாம்பர். அத்துடன் பெயரில் முதலில் வருவது பொருளே. இடமும் பக்கமும் பின்னால்தான் ஒட்டிக்கொள்ளும். தலைக் கேஸ்கட் வேண்டுமானால் ‘கேஸ்கட், சிலிண்டர் தலை’ என்ற ஒழுங்கில் தேட வேண்டும். இந்தச் சிறு அகராதியைக் கைநூலின் உள்ளட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இணையத்தில் தேடும்போதும் இதே சொற்களைப் போட்டால்தான் பொருத்தமான பக்கங்கள் வருகின்றன.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கடைசிப் பக்கங்களில் உள்ள எண் வரிசை அகராதி. பழைய பெட்டி ஒன்றில் எண் மட்டும் ஒட்டிய சாமான் கிடைத்தால், அது எந்தப் படத்தில் எத்தனையாவது பாகம் என்பதை இங்கிருந்து பின்னோக்கிப் பார்க்கலாம். இதன் இன்னொரு பயன் உடனே தெரிவதில்லை: இரண்டு வெவ்வேறு வண்டிகளின் பட்டியல்களில் முதல் எட்டு இலக்கங்களும் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் ஒரே பாகத்தின் வெவ்வேறு திருத்தம். ஒரு பாகம் எதற்கெல்லாம் போகும் என்ற கேள்விக்கு, கடைக்காரரின் ஊகத்தைவிட இது நல்ல சாட்சி. அத்தான் தன்னிடமுள்ள நான்கைந்து பட்டியல்களை வைத்து இப்படித்தான் பொருத்தம் பார்க்கிறார், கலியாணத்துக்குச் சாதகம் பார்ப்பதுபோல்.

பொதுச் சாமான்களின் எண்களுக்குள் அளவே எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறியாமல் பல ஆண்டுகள் வீணாகப் பணம் கொடுத்திருக்கிறேன். 95701-06020 என்று பார்த்தால், அது 6 மில்லிமீற்றர் தடிப்பும் 20 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட போல்ட். 96100-63010 என்றால் நடுவில் நிற்பது 6301. பேரிங் விற்கும் எந்தக் கடையிலும் அந்த எண் போதும், மோட்டார் சைக்கிளின் பெயரே வேண்டாம். 6301 என்ற பேரிங் உலகில் எங்கே செய்யப்பட்டாலும் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 37, அகலம் 12 மில்லிமீற்றர். ஒயில் சீல்களிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்ற மூன்றும் ரப்பரின் முகத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும். செயினின் எண்ணுக்கும் இப்படி ஒரு பொருள் உண்டு: 420, 428 இரண்டிலும் கண்ணிக்குக் கண்ணி தூரம் அரை அங்குலம், உள் அகலம் மட்டும் முதலாவதில் கால் அங்குலம், இரண்டாவதில் 5/16 அங்குலம். அரை அங்குலம் என்ற ஒற்றுமையை நம்பித் தவறான செயினைப் பல்சக்கரத்தில் ஏற்ற முயன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோப்பாக வைத்துத் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. எனக்குக் கிடைத்த பட்டியல், அச்சு நூலைப் படமெடுத்து எழுத்தாக மாற்றியது. கணினி 8ஐ ஆங்கில எழுத்தான ‘பீ’ என்றும், 0ஐ ‘ஓ’ என்றும், 1ஐ ‘ஐ’ என்றும் வாசித்துவிடுகிறது. முழு எண்ணையும் தட்டினால் எதுவும் இல்லை என்று வரும். முதல் ஐந்து இலக்கங்களை மட்டும் தட்டினால் வந்துவிடும். அதுவும் வராவிட்டால் கோடு இல்லாமல் ஒருமுறை, நடு மூன்றை மட்டும் ஒருமுறை. இணையத்திலும் இதே வழிதான்: மேற்கோள் குறிக்குள் எண்ணைக் கோட்டுடனும் கோடின்றியும் தேடிப் பார்க்கிறேன். யாராவது ஒருவர் இது போகும் என்று எழுதியிருந்தால், அவர் தன் வண்டியின் சட்டக எண்ணின் முன்பகுதியையாவது கூறியிருக்கிறாரா என்று பார்க்கிறேன்; கூறாதவரின் சொல் என் கடைக்காரரின் சொல்லுக்குச் சமம்.

இனிக் கைநூல். ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் நியம அளவு, அதற்குப் பக்கத்தில் தேய்மான எல்லை என்று இரண்டு நிரல்கள் உள்ள அட்டவணை இருக்கிறது. பாகத்தை மாற்ற வேண்டுமா, விடலாமா என்ற வாக்குவாதத்தை முடித்துவைப்பது அதுதான். வால்வு இடைவெளி இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர்; இயந்திரம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்கிறது. வைகாசி, ஆனி மாதங்களில் நண்பகலில் மட்டக்களப்பில் நிற்பவருக்கு இந்த நிபந்தனை சிரிப்பைத் தரும். நான் விடியற்காலையில் செய்கிறேன். சுழல்சக்கரத்தில் ‘டீ’ என்ற குறி பிஸ்டன் உச்சியில் நிற்பதற்கும், ‘எஃப்’ என்ற குறி தீப்பொறி விழும் நேரத்துக்கும் உரியவை. இரண்டையும் மாற்றிப் பிடித்து டாப்பட், அதாவது வால்வு இடைவெளி, வைத்த வண்டிகள் கராஜுக்கு வருவதாக அத்தான் சொல்வார். கிளச் சரிசெய்வதற்குக் கைநூல் சொல்லும் வழி மிகத் தெளிவானது: பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுத்திருகை வலப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு இடப்பக்கம் மெதுவாகத் திருப்பி, லேசான இறுக்கம் தட்டுப்படும் இடத்திலிருந்து மறுபடி வலப்பக்கம் சுற்றின் எட்டிலொரு பங்கு. இதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் பாஸ்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நூல் அவர்களுக்காக அல்ல, என்னைப் போன்றவர்களுக்காக.

மின்சார அத்தியாயம் ஒன்றே கைநூலின் அச்சுச் செலவுக்கு ஈடு. ஹொண்டாவின் வயர் நிறங்கள் மாதிரிக்கு மாதிரி பெரிதாக மாறுவதில்லை: பச்சை எர்த், சிவப்பு பற்றரி, கறுப்பு சாவி திறந்த பின் வரும் மின்சாரம், செம்மஞ்சள் இடது சிக்னல், இளநீலம் வலது சிக்னல், பச்சையில் மஞ்சள் கோடு பிறேக் லைட். இரண்டு நிறங்கள் எழுதியிருந்தால் முதலாவது வயரின் நிறம், இரண்டாவது அதன் மேலோடும் கோடு. ஒரேயொரு பொறி உண்டு. வரைபடத்தில் பீ, எல் என்று இரு எழுத்துகளில் சுருக்கியிருப்பது கறுப்பு. நீலம் என்றே எவரும் வாசிப்பார்கள். நீலத்துக்குப் பீ, யூ. நான் முதல் நாள் அரை மணித்தியாலம் இல்லாத ஒரு நீல வயரைத் தேடினேன்.

குறைகளும் உண்டு. கைநூல் ஒவ்வொரு படிக்கும் ஒரு விசேட கருவியின் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தக் கருவி மட்டக்களப்பில் எங்கே கிடைக்கும்? கிளச்சின் நடு நட்டு சாதாரண சாவிக்குப் பிடிகொடுக்காது, அதில் நான்கு வெட்டுகள் இருக்கும். எங்கள் வண்டியில் முன்னர் யாரோ உளி வைத்து அடித்துக் கழற்றியதன் தழும்புகள் அந்த வெட்டுகளில் இருந்தன. அத்தான் பழைய சொக்கற் ஒன்றின் முனையை அரைத்து நான்கு பற்கள் விட்டுச் செய்து தந்த கருவிதான் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. அதேபோல், இயந்திர மூடியிலுள்ள கூட்டல்குறிப் பள்ளத் திருகுகளைப் பற்றி நூல் எதுவும் சொல்வதில்லை. அவை ஜப்பானிய நியமத்தில் வெட்டப்பட்டவை. தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அந்த வகை என்று அறியலாம். கடையில் விற்கும் வழமையான கூட்டல்குறி ஸ்குரூ டிரைவர் அவற்றில் முழுதாக உட்காராமல் வழுக்கி மேலெழுந்து, பள்ளத்தைத் தின்றுவிடும்.

ஒயிலைப் பற்றிய பக்கம் காலாவதியானது. கைநூல் எழுதப்பட்டபோது மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தர அடையாளம் இருக்கவில்லை. ஜப்பானின் ஜாசோ நியமம் 1998இல்தான் வந்தது. கிளச் ஒயிலுக்குள்ளேயே ஊறி வேலை செய்யும் இந்த வகை இயந்திரத்துக்கு, டின்னில் ஜாசோ எம்ஏ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். நூலைக் குறை சொல்ல முடியாது, அதன் காலம் அப்படி.

எண்ணோடு கடைக்குப் போய்ப் பார்த்த அனுபவத்தையும் இந்த மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஐந்து கடைகளில் 13103இல் தொடங்கும் எண்ணைத் தாளில் எழுதி நீட்டினேன். மூன்றில் தாளைப் பார்க்காமலே எந்த வண்டி என்று கேட்டார்கள். ஒன்றில் எண்ணைப் பார்த்து, சாமான் இல்லை என்று நேராகச் சொன்னார்கள். அதுவும் ஒரு நல்ல பதில்தான். கல்முனையில் பழைய சாமான் விற்கும் முதியவர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நடு மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு, ஏணி போட்டு மேல்தட்டில் இருந்து பெட்டி ஒன்றை இறக்கினார். பெட்டியில் எண் அப்படியே இருந்தது. இருந்தும் உள்ளே இருந்ததை வேர்னியரால் அளந்துதான் வாங்கினேன், அவரும் அதைத் தப்பாக எடுக்கவில்லை. ஒறிஜினல் எண்ணை அச்சிட்ட பெட்டிக்குள் வேறு சாமான் வருவது நாம் அறியாததல்ல. 47.50 இருந்தது. லேத்காரர் சிலிண்டரை அதற்கேற்பப் போர் அடித்தார். பிஸ்டனில் ‘ஐஎன்’ என்று குத்தியுள்ள பக்கம் உள்ளெடுப்பு வால்வை நோக்கி இருக்க வேண்டும் என்ற கைநூல் வரியைப் பார்த்து ஊர் அண்ணன் பொருத்தினார். அவருக்கு அது முன்பே தெரியும். இருந்தாலும் எனக்காக நூலைப் பார்த்தார்.

அச்சிடுவோருக்கு இரண்டு வார்த்தை. பட்டியலின் படப் பக்கங்களைச் சிறிதாக்கி ஒரே தாளில் இரண்டு பக்கமாக அடித்தால் பாகங்களின் குறி எண்கள் எறும்பாகிவிடும்; நான் செலவு மிச்சம் பிடிக்கப் போய் அப்படித்தான் செய்தேன், பிறகு ‘ஈ’ பிரிவை முழுவதும் திரும்ப அடிக்க நேர்ந்தது. கைநூல் முழுவதையும் அச்சிடத் தேவையில்லை. அளவு அட்டவணைகள், பராமரிப்பு அத்தியாயம், வயர் வரைபடம் ஆகிய மூன்றும் போதும், வரைபடத்தை மட்டும் பெரிய தாளில் அடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் அறவே வராதவருக்குப் பட்டியல் உதவும், ஏனெனில் அது படமும் எண்ணும்தான். கைநூல் அவ்வளவாக உதவாது.

என் பிரதியில் நட்டு போல்ட் இறுக்கும் விசை அட்டவணையின் முதற்பக்கம் இல்லை. அச்சிட்ட இடத்தில் தவறியதா, கோப்பிலேயே இல்லையா என்று தெரியாமல் அத்தானிடம் கேட்டேன். அவர் தன் கராஜில் உள்ள பிரதியைப் படமெடுத்து அனுப்பினார். எல்லா வரிசைகளும் சுத்தமாக வாசிக்க முடிகிறது, சிலிண்டர் தலை நட்டுக்குரிய ஒரு வரிசையைத் தவிர. அதன் மேல் மட்டும் ஒயில் பெருவிரல் அடையாளம் கறுப்பாக விழுந்திருக்கிறது. அடுத்த முறை அக்கரைப்பற்றுக்குப் போகும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.